மன்னார்க் கரையோரத்தின் காலை உணவு: மாவும் கறியும் பொழுதும்

மன்னார்த் தீவிலும் அதனை ஒட்டிய பெருநிலக் கரையிலும் வாழும் மக்கள் காலையில் எதை விரும்பி உண்கிறார்கள் என்ற வினாவுக்கு இடியப்பம், புட்டு, ரொட்டி, பாண், பழஞ்சோறு என்று ஒரே மூச்சில் விடை சொல்லிவிடலாம். எனினும் அவ்விடை வட இலங்கை முழுவதற்கும் பொருந்துமாகையால், இக்கரைக்கு உரியது எது என்பதை அது காட்டுவதில்லை. உணவுப் பழக்கத்தை ஆராய்வோர் பொதுவாக மூன்று விளக்கங்களுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர்: நிலமும் மழையும் விளைவிப்பதே உணவாகிறது என்பது ஒன்று, சமயமும் மரபும் விதிப்பதே உணவாகிறது என்பது இன்னொன்று, வணிகமும் அரசும் கொண்டுவந்து சேர்ப்பதே உணவாகிறது என்பது மூன்றாவது. மன்னாரின் காலை உணவை இம்மூன்றாலும் அளந்து பார்க்கையில், வீட்டுக்கு வந்து சேரும் மா பலமுறை மாறியிருப்பதும், அது மாறியபோதெல்லாம் பண்டத்தின் வடிவமும் அதனோடு சேரும் கறியும் பெரும்பாலும் மாறாதிருந்ததும் தெரியவருகின்றன. இம்மக்களின் விருப்பத்தைத் தானியத்தில் தேடுவதைவிடப் பதத்திலும் கறியிலும் தேடுவதே தகும்.

முதலில் நிலம். ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புடைய மன்னார்த் தீவு மணற்பாங்கானது. பனையும் தென்னையும் முட்புதரும் வளரும் அம்மண்ணில் நெல் விளைவதில்லை. இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றான இங்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களிலேயே கிடைக்கிறது. கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கும். தீவுக்கு அரிசி தரும் வயல்கள், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால், கட்டுக்கரைக்குளத்தின் நீரைப் பெறும் நானாட்டான், முருங்கன், உயிலங்குளம் முதலான பெருநிலப் பகுதிகளில் உள்ளன. பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, வங்காலை ஆகிய கத்தோலிக்க மீனவ ஊர்களும், எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய முஸ்லிம் ஊர்களும், திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த சைவ ஊர்களும் இந்தக் குறுகிய பரப்பில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், கடலில் இருந்து மீனும் வயலில் இருந்து அரிசியும் பனையில் இருந்து கிழங்கும் பனங்கட்டியும் கைமாறுவது பழங்காலந்தொட்டு இங்குள்ள இயல்பான வாழ்முறையாக இருந்துவந்துள்ளது.

அந்தப் பழங்காலத்துக்கு மண்ணிலேயே சான்று உண்டு. மாதோட்டம் என்றும் மகாதித்த என்றும் பெயர்பெற்ற மாந்தைத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வு உள்நாட்டுப் போரினால் நின்றுபோனது. போர் முடிந்தபின் மீண்டும் தோண்டப்பட்டபோது, கருகிய விதைகளைப் பிரித்தெடுத்து ஆராயும் தொல்தாவரவியல் முறையில் அங்குள்ளோர் உண்ட தானியங்கள் அடையாளம் காணப்பட்டன. 2018இல் வெளியான அம்முடிவுகளின்படி, மாந்தையில் அன்றாட உணவுத் தானியம் நெல்லே; மிளகோடு, கி.பி. 900 முதல் 1100 வரையான காலத்தைச் சேர்ந்த கிராம்பும் கிடைத்தது. கடல் கடந்து வந்த கோதுமையும் அங்கே இருந்தது. கோதுமை மா இக்கரைக்குப் பிற்காலத்தில் வந்த அந்நியப் பொருள் என்று எண்ணும் வழக்கத்துக்கு இச்செய்தி ஒரு திருத்தம்: சிறு அளவிலேனும், துறைமுக வாழ்வின் பகுதியாக, அது முன்னரே இங்கு வந்திறங்கியிருக்கிறது. ஆனால் அது அப்போது எந்த வடிவில் உண்ணப்பட்டது என்பதற்கு விதைகள் விடை தருவதில்லை.

இன்றைய வடிவங்களுள் முதன்மையானவை புட்டும் இடியப்பமும் ஆகும். இரண்டுக்கும் அடிப்படை ஊறவைத்து இடித்து, அரித்து, இளஞ்சூட்டில் வறுத்த அரிசிமா. சிவப்பரிசி மாவாக இருந்தால் மணமும் சுவையும் கூடும் என்பது பரவலான கருத்து. புட்டுக்கு மாவில் உப்பும் கொதிநீரும் சிறிது சிறிதாகச் சேர்த்து, கட்டி பிடிக்காமல் சிறு மணிகளாக உதிரும்படி கொத்தி, தேங்காய்ப்பூ எனப்படும் துருவிய தேங்காயைக் கலந்து, குழலிலோ பனையோலையால் இழைத்த நீற்றுப்பெட்டியிலோ ஆவியில் அவிப்பர். நீற்றுப்பெட்டியில் அவிந்த புட்டுக்கு ஓலையின் மெல்லிய வாசம் ஏறும். உலோகக் குழலில் அது கிட்டாது என்று மூத்தோர் சொல்வதில் நியாயம் உண்டு. இடியப்பத்துக்கு மாவைக் கொதிநீரில் குழைத்து, உரலில் இட்டு, பின்னிய தட்டுகளில் இழைகளாகப் பிழிந்து அவிப்பர். அரிசிமாவில் ஒட்டிப் பிடிக்கும் புரதம் இல்லாததால் பச்சைத் தண்ணீரில் குழைத்த மா இழையாக நிற்காது. கொதிநீர் மாச்சத்தைப் பாதி வேகவைத்துப் பசையாக்குவதாலேயே இழை அறுபடாமல் வருகிறது. அன்றாடச் சமையலில் கைப்பழக்கமாக நிகழும் இச்செயலில் நுட்பமான அறிவு ஒன்று பொதிந்திருக்கிறது என்பதைக் கோதுமை மாவின் வரவு தெளிவாகக் காட்டியது.

1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தபோது, அரிசியில் பெரும்பகுதியை அங்கிருந்தே பெற்றுவந்த இலங்கையில் பங்கீடு தொடங்கியது. அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா இறக்குமதி செய்யப்பட்டது. உலகப் போர் முடிந்தபின்னும் மாவின் வரவு நின்றுவிடவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், அதற்கு எதிராக அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் நாடளாவிய கர்த்தால் நடந்ததும், அரிசி எவ்வளவு அரசியற் பொருளாக மாறிவிட்டிருந்தது என்பதைக் காட்டும். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது பாணுக்கு வரிசையில் நின்ற அனுபவம் அத்தலைமுறையின் நினைவில் ஆழப் பதிந்திருக்கிறது. பின்னர் 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியதும், கோதுமை விளையாத நாட்டில் கோதுமை மா எந்தக் கிராமக் கடையிலும் கிடைக்கும் பொருளாயிற்று.

இங்கேதான் மன்னார் உள்ளிட்ட வடபகுதிப் பெண்கள் செய்த மாற்றம் கவனத்துக்குரியது. கோதுமை மாவில் நீர் பட்டதும் ஒட்டிப் பிடிக்கும் புரதம் விழித்துக்கொள்வதால் அது பாணுக்கும் பரோட்டாவுக்கும் ஏற்றது. புட்டுக்கோ இடியப்பத்துக்கோ ஏற்றதன்று, ஏனெனில் மணியாக உதிரவேண்டிய புட்டு களியாகிவிடும். எனவே மாவைத் துணியில் முடிந்து முதலில் ஆவியில் அவித்து, கட்டியானதை உடைத்து, அரித்தெடுத்து, அந்த அவித்த மாவிலேயே புட்டும் இடியப்பமும் செய்யும் முறை பரவியது. வெப்பம் அப்புரதத்தின் ஒட்டும் ஆற்றலைக் குறைத்துவிடுவதால் கோதுமை மா அரிசிமாவைப் போல் உதிரத் தொடங்குகிறது. அரிசிமாவில் இல்லாத பசையை உண்டாக்குவதும் கோதுமை மாவில் உள்ள பசையைக் குறைப்பதும் நேரெதிரான செயல்கள். இரண்டும் ஒரே பண்டத்தை நோக்கியே செய்யப்பட்டன. மாவுக்கு ஏற்பப் பண்டத்தை மாற்றிக்கொள்வது எளிதாக இருந்தும், பண்டத்துக்கு ஏற்ப மாவை மாற்றிய இந்த உழைப்பே, மக்கள் விரும்பியது எதை என்பதற்கு மிக வலுவான சான்று.

அரிசிக்கும் கோதுமைக்கும் அப்பால் குரக்கன் மாவும் ஒடியல் மாவும் அதே வடிவங்களுக்குள் புகுந்தவை. பனம் விதையைப் பாத்தியில் புதைத்து, முளைத்துத் திரண்ட கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்தபின் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்துப் பெறும் மாவுக்குக் கைப்பு உண்டு. அதைப் போக்க நீரில் ஊறவைத்து, வடித்துப் பிழிந்து, அதன்பின் இறாலோ மீனோ கீரையோ கலந்து புட்டாக அவிப்பர். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் வயிற்றைக் காத்த இவ்வுணவு, பனை நிறைந்த தீவில் ஏழைகளின் உணவு என்ற பெயரையும் சுமந்தது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள்களைப் பொதி செய்து விற்கத் தூண்டியபின், நகரத்துக் கடைகளில் ஒடியல் மா மதிப்புள்ள பண்டமாகக் கிடைக்கிறது. ஆனால் ஊர்க் காலை உணவில் அதன் இடம் சுருங்கியிருப்பது வருந்தத்தக்கது, ஏனெனில் நெல் விளையாத தீவு மண்ணிலேயே இறக்குமதி இன்றிக் கிடைக்கும் மா அது.

கறிக்கு வருகையில் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே தோன்றுகின்றன. இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும், புட்டுக்கு மீன்குழம்பு அல்லது பொரியல், ரொட்டிக்கு இடித்த சம்பல் என்பது பொதுவான இணைப்பு. சொதி என்பது தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் முதலியன இட்டு, திரையாமல் இளந்தீயில் கொதிக்கவிட்டு, இறுதியில் எலுமிச்சம்புளி சேர்க்கும் மஞ்சள்நிறக் குழம்பு. அதில் மீனோ இறாலோ இட்டால் அதுவே முழுக்கறியாகிவிடும். இலங்கை முஸ்லிம்களிடையே இத்தகைய தேங்காய்ப்பாற் குழம்புக்கு ஆணம் என்று பெயர். செத்தல் எனப்படும் காய்ந்த மிளகாயையும் தேங்காய்ப்பூவையும் வெங்காயத்தையும் இடித்துப் பிசைந்த சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பதும் சேர்க்காததும் வீட்டுக்கு வீடு வேறுபடும். இக்கரைக்கு உரிய சிறப்பு மீனின் அண்மையே. விடியற்காலையில் கரைசேர்ந்த சூடையும் பாரையும் ஒட்டியும் அன்றைய காலைக் கறியாக முடியும் வாய்ப்பு, உள்நாட்டு ஊர்களுக்குக் கிட்டாதது. கடலுக்குப் போகமுடியாத பருவத்தில் அவ்விடத்தைக் கருவாடு நிரப்புகிறது; மன்னார்க் கட்டாக் கருவாடும் திருக்கைக் கருவாடும் தென்னிலங்கைச் சந்தை வரை பெயர்பெற்றவை. முதல்நாள் இரவில் வைத்துப் புளி ஏறி முதிர்ந்த மீன்குழம்பைப் புட்டோடு பிசைந்து உண்பது பலருக்குத் தலையாய விருப்பம்; புதுக்கறியைவிடப் பழங்கறியே மேலாகக் கருதப்படும் இடங்களுள் காலை உணவும் ஒன்று.

காலை உணவின் நேரத்தை இக்கரையில் தீர்மானிப்பது பெரும்பாலும் தொழிலே. இரவில் வலைபோட்டு விடிந்தபின் திரும்பும் மீனவருக்குக் காலை உணவு என்பது உழைப்பின் முடிவில் வருவது; விடிய எழுந்து வயலுக்குப் போகும் உழவருக்கோ அது உழைப்பின் தொடக்கம். கரைவலை எனப்படும் பெருவலையைக் கரையில் நின்று கூட்டமாக இழுப்போர் வலை கரையேறும்வரை தேத்தண்ணியோடு நிற்பதும், மீன் பங்கிட்டபின் உண்பதும் வழமை. பால் இல்லாத இத்தேநீர் பெரும்பாலான வீடுகளில் காலையின் முதற்பொருள். சீனி அருமையான காலங்களில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அதைக் குடிக்கும் பழக்கம் இருந்தது, இன்றும் சிலர் விரும்பியே அவ்வாறு குடிக்கின்றனர். வயல் சார்ந்த ஊர்களிலும் கடல்சார்ந்த ஊர்களிலும் ஒருசேர நிலைத்திருந்தது பழஞ்சோறு: இரவில் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றிவைக்க, அது மெல்லப் புளித்து, காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் பழங்கறியும் சேர்ந்து உணவாகும். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய சிவப்பு நெல்வகைகளின் புழுங்கலரிசிச் சோறு இதற்கு மிகவும் பொருந்தியது. வெயிலில் உழைப்பவருக்கு உப்பும் நீரும் மாச்சத்தும் ஒருங்கே தரும் இவ்வுணவை வறுமையின் அடையாளமாகக் கருதி ஒதுக்கியது அண்மைத் தலைமுறைகளின் இழப்பு.

சமயம் காலை உணவை எந்த அளவுக்கு வகுக்கிறது என்பதைப் பார்க்கையில், அது பண்டத்தைவிடப் பொழுதையே மிகுதியாக ஆள்கிறது என்று சொல்லலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு முதல் எதையும் உண்ணலாகாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 1953இல் நீர் பருகுவது அனுமதிக்கப்பட்டு, 1957இல் அந்நோன்பு மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீடு திரும்பியபின் உண்ணும் உணவுக்கு மீனவ ஊர்களில் ஏற்பட்ட சிறப்பு இவ்விதியின் நிழலில் வளர்ந்ததாகக் கொள்ளத் தகும். முஸ்லிம்களின் ரமழான் மாதத்தில் காலை உணவு ஸஹராகி வைகறைக்கு முன்னே நகர்கிறது. சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமைகளில் மீன் நீங்கிச் சொதியும் சம்பலும் மட்டும் நிற்கின்றன; சிவராத்திரியில் திருக்கேதீச்சரத்தில் கண்விழித்தோருக்கு மறுநாட் காலைப் பாரணையே, அதாவது நோன்பை முடிக்கும் உணவே, முதல் உணவு. நாட்களும் மணிகளும் வேறுபட்டாலும், மூன்று சமூகத்தாரும் தத்தம் பொழுதில் அமர்ந்து உண்பது ஏறக்குறைய ஒரே புட்டும் இடியப்பமுமே.

இந்நிலையை உலுக்கியது உள்நாட்டுப் போர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளை அடைந்து, பல்லாண்டுகள் முகாம்களில் வாழ்ந்தனர். அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்குக் காலை உணவின் முதல் நினைவு மன்னார் மணலைச் சேர்ந்ததன்று. கத்தோலிக்கரும் சைவரும் மடுத் தேவாலய வளாகத்திலும், கடல்கடந்து தமிழகத்தின் மண்டபம் முதலிய முகாம்களிலும் தங்கினர். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிறுத்துக் கொடுக்கப்பட்ட நிவாரணம் எல்லோருடைய காலையையும் ஒரே அளவுக்குள் கொண்டுவந்தது. தீவு இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் பெருநிலத்தின் ஒரு பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்த ஆண்டுகளில், உயிலங்குளம் சோதனைச் சாவடியின் தடைகள் பெருநிலத்து ஊர்களுக்குச் செல்லும் பொருள்களின் அளவை நிர்ணயித்தன. கடற்றொழிலுக்கு விதிக்கப்பட்ட நேரக் கட்டுப்பாடும் அனுமதி முறையும் மீனவரின் இரவையும் காலையையும் மாற்றியமைத்தன. விருப்பம் என்ற சொல்லுக்கே இடமில்லாத அந்த நீண்ட காலத்தைத் தவிர்த்து, இக்கரையின் உணவுப் பழக்கத்தை எழுதுவது பொய்யாகிவிடும்.

நீரிணைக்கு அக்கரையோடு ஒப்பிடுவது இன்னொரு தெளிவைத் தரும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914இல் தலைமன்னார்த் துறைக்கு ரயில் வந்ததுமுதல், தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயல்வரை, இரு கரைகளும் ரயிலாலும் கப்பலாலும் ஒரே பயணப் பாதையில் இணைந்திருந்தன. எனினும் அக்கரையில் புளிக்கவைத்த மாவில் வார்க்கும் தோசையும் இட்டலியும் சாம்பாரோடு காலையை ஆள, இக்கரையில் புளிக்காத மாவில் அவித்த பண்டங்கள் தேங்காய்ப்பாலோடு ஆளுகின்றன. தோசை மன்னாரிலும் உண்டு. ஆயினும் உழுந்து ஊறவைத்து அரைப்பதை முந்தின நாளே திட்டமிடவேண்டும் என்பதால் அது வாரத்தின் சில நாட்களுக்கு உரியதாக நின்றுவிட்டது. புட்டும் தேங்காய்ப்பாலும் வழங்கும் கேரளத்தின் காலையோடு மன்னாரின் காலை நெருங்கி நிற்பதற்கு, தென்னை மிகுந்த கரையோர வாழ்வு இரண்டுக்கும் பொதுவாக இருப்பதே போதிய காரணமாகும்.

பாணைப் பற்றி நீளமாகச் சொல்லவேண்டியதில்லை. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய காலத்தோடு அதன் வரலாறு தொடங்கினாலும், அன்றாட உணவாக அது வேர்விட்டது இருபதாம் நூற்றாண்டின் மா இறக்குமதிக்குப் பின்னரே. சமைக்க நேரமில்லாத வீட்டுக்கும், 7.30க்குத் தொடங்கும் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பவேண்டிய தாய்க்கும் அது உதவுகிறது. இசையெழுப்பிக்கொண்டு தெருத்தெருவாக வரும் முச்சக்கர வண்டிகள் அதனை வாசலிலேயே சேர்க்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடி அந்த வசதியின் மறுபக்கத்தைக் காட்டியது: டொலர் இன்றி மாவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 450 கிராம் பாண் ஒன்றின் விலை 300 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது, அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏற்றப்பட்டதும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பல கரையிலேயே கிடந்தன. மாவும் மீனும் ஒரே வேளையில் எட்டாமற் போனமை இக்கரையின் காலை உணவு எவ்வளவு மெல்லிய ஆதாரங்களின்மேல் நிற்கிறது என்பதை உணர்த்தியது. இந்திய இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் வலை அறுபடும் என்று அஞ்சிக் கடலுக்குப் போகாதிருப்பதும் இதே கணக்கில் சேரவேண்டியது.

இவை அனைத்தினூடும் மாறாத ஒன்று, காலை உணவின் உழைப்பு பெண்களின் தோளில் இருப்பது. அரிசி ஊறவைத்தல், இடித்தல், வறுத்தல், தேங்காய் துருவிப் பால் பிழிதல், பிழிந்து அவித்தல் என்ற வேலைகள் விடியலுக்கு முன்பே தொடங்குகின்றன. மா அரைக்கும் ஆலைகள் உலக்கையின் பாரத்தைக் குறைத்தபோதிலும் எழும் நேரத்தை அவை மாற்றவில்லை. கணவரைப் போரில் இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வாழ்கின்றனர். சமைக்காத வீடுகளின் விருப்ப உணவு இவ்வாறு இன்னொரு வீட்டின் வருமானமாக மாறியிருக்கிறது. வாங்குவோருக்கு நேரம் மிச்சம். அவிப்பவருக்கோ மாவின் விலை, விறகின் அல்லது எரிவாயுவின் விலை, விற்காமல் மிஞ்சியவற்றின் நட்டம் ஆகியவற்றைக் கழித்தபின் எஞ்சுவதே கூலி. அரிசிமாவில் அவித்தால் செலவு கூடும், கோதுமை மாவில் அவித்தால் சிவப்பரிசி கேட்போர் வாங்கமாட்டார் என்ற இக்கட்டில், எந்த மாவை எந்த அளவுக்குக் கலப்பது என்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் தீர்மானிக்கின்றனர். மன்னார் நகரத்து உணவுக்கடையில் ஒருவர் தமக்குப் பிடித்த காலை உணவாகக் கேட்டு வாங்கும் இடியப்பத்தின் நிறமும் பதமும் விலையும் அத்தீர்மானத்தின் விளைவுகளே.